பேஸ் கிட்டாருக்குப் பிக் வாங்கும் முன்: ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையும் கத்தரிக்கோலும்

என் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. திறந்தால் எண்பது தொண்ணூறு பிக்குகள், அதாவது தந்தியை மீட்டும் சின்னத் தகடுகள், சலசலக்கும். பளிங்கு நிறத்தில் சில, புலிக்கோடு போட்டவை சில, மண்டையோடு அச்சிட்டவை சில. அவற்றில் நான் வாசிப்பது இரண்டே வகை. மீதியெல்லாம் தண்டம்.

திருச்சியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் பேஸ், அதாவது தாழ்ந்த சுரங்களைத் தரும் கிட்டார், வாசிக்கிறேன். அலுவலக வேலைக்கு நடுவே, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கற்றுக்கொண்டது. பேஸ் வாங்கிய கடையில் கூடவே ஒரு பிக்கை இலவசமாகக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் முதல் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வாசித்தேன். முடிந்ததும் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன், "தம்பி, நீங்கள் வாசிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குக் கேட்கவில்லை" என்றார். ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் கூட்டினேன்; ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததே தவிர சுரம் தெளியவில்லை. புதுத் தந்திகள் போட்டேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் போனது. கடைசியில் என் கைதான் சரியில்லை என்று முடிவு கட்டி, மூன்று மாதம் பிக்கையே தொடாமல் இருந்தேன். கையில் ஒரு குறையும் இல்லை. அந்த இலவசப் பிக்கின் தடிமன் 0.46 மில்லிமீட்டர். அதுதான் கோளாறு.

இது தெரியாமல் அடுத்த ஓராண்டு விதவிதமாக வாங்கித் தள்ளினேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றினால் செலவு ஏறத்தாழ முந்நூறு ரூபாயில் முடியும். காலம் இரண்டு வாரம்.

1. பிக் தேவையா என்று முதலில் பாருங்கள்

பேஸை விரலால்தான் வாசிக்க வேண்டும், பிக் பிடிப்பவர் வழி தவறி வந்த கிட்டார்காரர் என்று உங்களிடம் யாராவது சொல்லுவார். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி பெரும்பாலும் பிக் கொண்டு வாசித்தவர். 1960களில் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஓயாமல் வாசித்த கேரல் கேயும் அப்படியே. அதே காலத்தில் டெட்ராய்ட்டில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்துக்கொண்டிருந்தார். எது உயர்ந்தது என்ற சண்டை நமக்கு எதற்கு? நாம் கேட்க வேண்டியது, நம் இடத்துக்கு எது பொருந்தும் என்பது மட்டுமே.

விரல் நுனி மெத்தென்றது. அது விட்ட தந்தி உருண்டையாக, மெதுவாகப் பேசத் தொடங்கும். பிக் கெட்டியானது. அது விட்ட தந்தி "டக்" என்று ஒரு தொடக்கத்தோடு பேசும். பேஸின் மிகத் தடித்த தந்தியான இ, ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. சிறிய ஒலிபெருக்கிகளால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை முழுமையாகத் தர இயலாது. உயரமான கூரையும் வெறுஞ்சுவரும் உள்ள மண்டபத்தில் அது எதிரொலித்துக் குழம்பிப்போகும். அப்படிப்பட்ட இடங்களில், எந்தச் சுரம் எப்போது தொடங்கியது என்பதைக் காதுக்குச் சொல்வது அந்த "டக்"தான். எங்கள் தேவாலயம் அப்படிப்பட்ட இடம். உங்கள் இடமும் அப்படியானால், அல்லது விறுவிறுப்பான ராக் பாடல்கள் வாசிப்பீர்களானால், பிக் உதவும். மெதுவான பாடல்களே அதிகம், சின்ன அறையில்தான் வாசிப்பு என்றால் விரலே போதும், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஐயம் இருந்தால் ஒரு சின்னச் சோதனை: ஆள்காட்டி விரல் நகத்தின் மேற்புறத்தால் இ தந்தியை ஒருமுறை தட்டுங்கள், பிறகு விரல் சதையால் மீட்டுங்கள். நகத்தின் ஓசை பிடித்திருந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. காசு கொடுக்கும் முன் ஓர் அட்டையை வெட்டுங்கள்

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் அந்த பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட்டே இருந்திருக்கும்.

ஏ.டி.எம். அட்டைகள் உலகம் முழுவதும் ஒரே தடிமனில் செய்யப்படுகின்றன: 0.76 மில்லிமீட்டர். பேஸ் பிக்குக்கான தடிமன் வரிசையில் இது ஏறத்தாழ கீழ்ப்படி. காலாவதியான அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிப், காந்தப் பட்டை, எண்கள் உள்ள பகுதிகளை முதலில் பொடிப்பொடியாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். அதை முழுதாக வைத்துக்கொண்டு விளையாட வேண்டாம். சிம் கார்டைப் பெயர்த்தெடுத்த பிறகு மிஞ்சும் பெரிய பிளாஸ்டிக் சட்டம் வீட்டில் கிடந்தால் அது இன்னும் நல்லது. அதுவும் அதே தடிமன்தான், புடைத்த எழுத்தும் இருக்காது.

மிஞ்சிய பகுதியில், மேலே ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் அகலம், கீழ்நோக்கி மூன்று சென்டிமீட்டர் உயரம் என்று அரச இலையைத் தலைகீழாக்கியது போன்ற முக்கோணம் வரைந்து வெட்டுங்கள். முனையை உருட்டிவிடுங்கள். பிறகு ஓரங்களை நகம் தேய்க்கும் அரத்தால் வழவழப்பாக்குங்கள். இந்தக் கடைசி வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். வெட்டிய ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் இருக்கும். அது தந்தியில் சிக்கிச் சிக்கி, பிக் என்றாலே இப்படித்தான் போலும் என்று நினைக்க வைத்துவிடும்.

இதை வைத்து இரண்டு நாள் வாசியுங்கள். பிளாஸ்டிக் மட்டமானதுதான், சீக்கிரம் தேயும், ஓசையும் சற்று மந்தம். ஆனால் நமக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: இ தந்தியை மீட்டும்போது அட்டை வளைந்து பின்வாங்குகிறதா, இல்லை விறைப்பாக நின்று கையையே தட்டிவிடுகிறதா? பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

3. தடிமனை எண்ணில் கேளுங்கள், சொல்லில் கேட்காதீர்கள்

மூன்று விஷயங்கள் பிக்கின் குணத்தைத் தீர்மானிக்கின்றன: தடிமன், பொருள், வடிவம். இவற்றில் தடிமன்தான் மாமியார். அவரைச் சரிக்கட்டாமல் வீட்டில் வேறு எதுவும் நடக்காது.

ஏன் என்று ஒரு கணக்கில் சொல்கிறேன். சாதாரண மின் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி பெரும்பாலும் 0.046 அங்குலம். பேஸின் மிக மெல்லிய தந்தியான ஜி, வழக்கமான தொகுப்பில் 0.045 அங்குலம். அதாவது கிட்டார் முடிகிற இடத்தில்தான் பேஸ் தொடங்குகிறது. இ தந்தியோ 0.105 அங்குலம், மில்லிமீட்டரில் சொன்னால் 2.67. அவ்வளவு பருத்த கம்பியை 0.46 பிக்கால் தள்ளுவது, ஈர்க்குச்சியால் தேர் இழுப்பது. பிக் வளைந்து வழுக்கிப் போகும், தந்தி பாதி மனத்தோடு அசையும், ஓசையில் பிக்கின் "தப்" என்ற சத்தம்தான் மிஞ்சும். என் கிறிஸ்துமஸ் கதை இதுதான்.

"புதியவர்தானே, மெல்லிசாக எடுத்துக்கொள்ளுங்கள், கை நோகாது" என்று கடையில் சொல்லுவார்கள். கிட்டாரில் பல தந்திகளை ஒன்றாகத் தட்டப் பழகுபவருக்கு அது நியாயமான ஆலோசனை. பேஸுக்கு அது பொருந்தாது. மெல்லிய பிக்கில் ஓசை வராததால் நீங்கள் கூடுதலாக அடிப்பீர்கள். கை நோவது அப்போதுதான்.

பெரும்பாலோருக்கு 0.73 முதல் 1.14 வரைக்குள் ஒன்று பொருந்திவிடும். ஏ.டி.எம். அட்டை வளைந்து பின்வாங்கியது என்றால் 0.88க்கு மேலே பாருங்கள். அட்டையே போதுமான விறைப்பாக இருந்தது என்றால் 0.73, 0.88 பக்கம் நில்லுங்கள். 1.5, 2 மில்லிமீட்டர் என்று போகிறவர்கள் உண்டு. அது கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். அவ்வளவு தடித்த பிக் துளியும் வளையாது, ஆகவே உங்கள் மணிக்கட்டு செய்கிற ஒவ்வொரு பிழையும் அப்படியே வெளியே கேட்கும்.

இங்கே இரண்டு இடங்களில் ஏமாறலாம். முதலாவது, "தின்", "மீடியம்", "ஹெவி" என்ற சொற்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் மீடியம் ஆகாது. மில்லிமீட்டர் எண் அச்சிடப்பட்டதை மட்டும் வாங்குங்கள். இரண்டாவது, நிறம். பிக் செய்யும் டன்லப் நிறுவனத்தின் டார்டெக்ஸ் வகையில் நிறத்தைப் பார்த்தே தடிமன் சொல்லிவிடலாம்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. ஆனால் அந்த நிற வரிசை அந்த வகைக்கு உரியது. வேறொரு நிறுவனத்தின் பச்சைப் பிக்கை 0.88 என்று நம்பி வாங்கி நான் விழித்திருக்கிறேன்.

எண் அழிந்துபோன பிக் கையில் இருந்தால் அருகில் உள்ள லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். காலிப்பரில் வைத்து அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள், காசு கேட்க மாட்டார்கள். பட்டறை தொலைவு என்றால் ஜெராக்ஸ் தாள் உதவும். ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஏழு தாளை அடுக்கி இறுகப் பிடித்து, பிக்கின் ஓரத்தை அதன் ஓரத்தோடு வைத்து நகத்தால் வருடுங்கள். எந்தப் பக்கம் மேடு என்று விரலுக்குத் தெரிந்துவிடும்.

4. பொருள்: வியர்க்கிற கைக்கு ஏற்றது எது?

செல்லுலாய்டு: இலவசமாகக் கிடைப்பதும், பளிங்கு நிறத்தில் மினுங்குவதும் பெரும்பாலும் இதுதான். பழைய டேபிள் டென்னிஸ் பந்துகள் செய்யப்பட்ட அதே பொருள். ஓசை பளிச்சென்று இருக்கும். ஆனால் பேஸ் தந்தியின் மேல் சுற்றிய கம்பி இதை அரம்போல் அராவிவிடும். கறுப்பு நிறப் பேஸ் வைத்திருந்தால், ஒரு மணி நேர வாசிப்புக்குப் பின் தந்திகளுக்கு அடியில் கோலமாவு சிந்தியதுபோல் வெள்ளைத் தூள் படிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது உங்கள் பிக். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் மெழுகுவர்த்தி, ஊதுவத்தி பக்கம் வைக்காதீர்கள்.

நைலான்: மென்மையாக வளையும், தொடக்க ஓசையும் சற்று மென்மை. விரலுக்கும் பிக்குக்கும் நடுவே உள்ள இடம் இது. வழுவழுப்பான நைலான் வியர்த்த கையில் சுழன்று திரும்பிவிடும். பிடிக்கும் இடத்தில் சொரசொரப்பு அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

டெல்ரின்: டார்டெக்ஸ் வகை இதனால் ஆனது. மேற்பரப்பு சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கலாக, உலர்ந்து இருக்கும். மே மாதத் திருச்சியில் மின்விசிறி இல்லாத மேடையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், ஈரக் கையில் இதுபோல் நிற்கும் பிக் எனக்கு வேறு அமையவில்லை. ஓசையும் அளவான தெளிவு. எதில் தொடங்குவது என்று தெரியாதவர்கள் இதில் தொடங்கலாம்.

அல்டெக்ஸ்: மஞ்சள் கண்ணாடி போன்றது. கெட்டி, பளிச்சென்ற ஓசை, மெதுவாகத் தேயும். பேஸின் ஓசை ஏற்கெனவே கூர்மையாக இருந்தால் இது காதைக் குத்தும்.

ஃபெல்ட்: கம்பளியை அழுத்திச் செய்தது போன்ற தடித்த பிக். ஓசை விரலைவிடவும் மெத்தென்று இருக்கும். ஆனால் சுற்றுக்கம்பித் தந்தியில் உரசி உரசிப் பஞ்சு உதிரும். ஆசைக்கு ஒன்று வாங்கலாம், முதல் பிக்காக வேண்டாம்.

உலோகம், கல், தேங்காய்ச் சிரட்டை: தந்தியைத் தின்கிற உலோகத்தைத் தொடவே வேண்டாம். மற்றவை அழகாக இருக்கும், அவ்வளவே.

5. வடிவம்: புதியது வாங்குவதற்கு முன் கையில் உள்ளதைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் அதிகம் கிடைப்பது நான் மேலே சொன்ன தலைகீழ் அரச இலை வடிவம். அதற்கு ஒரு கூர் முனையும் இரண்டு உருண்ட தோள்களும் உண்டு. பேஸ் வாசிப்பவர்கள் பலர் முனையை உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிட்டு, தோளால் மீட்டுகிறார்கள். "டக்" குறைந்து சுரம் பருத்து வரும். ஒரே பிக்கில் இரண்டு ஓசை! இது தெரியாமல் உருண்ட முனைப் பிக் என்று தனியாக ஒரு பொட்டலம் வாங்கினேன். அதுவும் டப்பாவில்தான் இருக்கிறது.

அடுத்தது பெரிய முக்கோணம். மூன்று பக்கமும் ஒரே அளவு, மூன்று முனை. பிடிக்க இடம் அதிகம், கையில் சுழன்றாலும் ஏதாவது ஒரு முனை தந்திப் பக்கம்தான் இருக்கும். ஒரு முனை தேய்ந்தால் அடுத்ததைத் திருப்பிக்கொள்ளலாம், ஆகவே ஒன்றின் விலையில் மூன்று. பேஸுக்கென்றே படைத்ததுபோல் இருக்கும் இந்த வடிவத்தைப் பல கடைகளில் வாங்கி வைப்பதே இல்லை. கேட்டுச் சொல்லி வரவழையுங்கள்.

சின்னஞ்சிறு ஜாஸ் வகைப் பிக்குகள் கிட்டாரில் வேகமாக வாசிப்பவர்களுக்கு உகந்தவை. பேஸ் தந்திகளுக்கு இடையே இடைவெளி அதிகம். கை நீண்டு தாண்ட வேண்டும். அந்தச் சின்னதைப் பிடித்துக்கொண்டு தாண்டினால் விரல் நுனி தந்தியில் இடித்து ஓசையை அடைத்துவிடுகிறது. பழகியவர்கள் சமாளிப்பார்கள். முதல் பிக்காக வேண்டாம்.

6. கடை: நான்கே நான்கு பிக், ஒரு பில், ஒரு மார்க்கர் பேனா

நான் செய்த பெரிய பிழை, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றியது. தடிமன், பொருள், வடிவம் மூன்றும் வேறான ஒரு பிக் நன்றாக இருந்தால், எதனால் நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஆகவே பட்டியல் இதுதான்:

அ. டெல்ரின், சாதாரண வடிவம், 0.88. இதுதான் அளவுகோல்.
ஆ. டெல்ரின், சாதாரண வடிவம், 1.14. தடிமன் மட்டும் வேறு.
இ. நைலான், சாதாரண வடிவம், 0.88. பொருள் மட்டும் வேறு.
ஈ. டெல்ரின், பெரிய முக்கோணம், 0.88. வடிவம் மட்டும் வேறு.

ஏ.டி.எம். அட்டையே விறைப்பாக இருந்தது என்று எழுதி வைத்தவர்கள், ஆ-வில் 1.14க்குப் பதிலாக 0.73 எடுத்துக்கொள்ளுங்கள்.

உதிரியாக வாங்கும்போது நான் கொடுத்தது ஒன்றுக்கு 30 முதல் 60 ரூபாய் வரை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். நான்கும் சேர்த்து இருநூறு, இருநூற்றைம்பதில் முடிந்துவிட வேண்டும். பன்னிரண்டு கொண்ட பொட்டலம்தான் தருவோம் என்று கடைக்காரர் சொன்னால், வேறு கடை பாருங்கள், அல்லது குழுவில் உள்ள கிட்டார் நண்பர்களோடு பங்கு போடுங்கள். இணையத்தில் வாங்கினால் அனுப்பும் கட்டணம் பிக்கின் விலையையே தாண்டலாம்; தந்தி வாங்கும்போது சேர்த்து வாங்குவதுதான் கணக்கு. ஒரு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கச்சேரிக்கு முந்தின நாள் வந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

"நூறு பிக், முந்நூற்றைம்பது ரூபாய், கலவைத் தடிமன்" என்ற பொட்டலம் கண்ணில் படும். எடுக்காதீர்கள். எண் அச்சாகியிருக்காது, ஒரே நிறத்தில் இரண்டு பிக் ஒரே தடிமனில் இருக்காது. நூற்றில் ஒன்று உங்களுக்குப் பிடித்துப்போனாலும், அது தொலைந்த அன்று அதன் ஜோடியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதேபோல் "பேஸ் பிக்" என்ற பெயர் ஒட்டி ஒரு கடையில் இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள், நானும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அளந்தால் 1 மில்லிமீட்டர் நைலான் முக்கோணம். பேஸுக்கென்று தனியாக ஒரு மந்திரப் பிளாஸ்டிக் கிடையாது.

பிக்குக்குப் பில்லா என்று சிரிக்காதீர்கள். பொட்டலமாக வாங்கினால் கட்டாயம் கேளுங்கள், அதில் பிக்கின் வகையும் தடிமனும் எழுதச் சொல்லுங்கள். "கிட்டார் உதிரிப் பொருள் 1" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு, தடிமன் மாறி வந்துவிட்டது என்று போய் நின்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு பொட்டலம் நின்றுபோனது. இணையத்தில் வாங்கியதைப் பிரிக்கும் முன் அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்த பிக்கைத் திருப்பி எடுப்பது அரிது. அந்தப் படம் பின்னாலும் உதவும். ஆறு மாதம் கழித்து அதே பிக் வேண்டும் என்றால் கடையில் அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் அழியாத மார்க்கர் பேனாவால் நான்கிலும் அ, ஆ, இ, ஈ என்று எழுதிவிடுங்கள். அச்சிட்ட எண் கட்டைவிரல் படும் இடத்தில்தான் இருக்கும், நாளடைவில் அழிந்துபோகும்.

7. சோதிக்கும் முன் பிடியைச் சரிசெய்யுங்கள்

கெட்ட பிடியோடு நல்ல பிக்கைச் சோதித்தால் நல்ல பிக் தோற்றுவிடும்.

ஆள்காட்டி விரலை மடக்குங்கள். அதன் பக்கவாட்டில், நகத்தை ஒட்டி, பிக்கைக் கிடத்துங்கள். மேலே கட்டைவிரலை வையுங்கள். முனை வெளியே 4, 5 மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். புதியவர்கள் பாதிப் பிக்கை வெளியே நீட்டிப் பிடிப்பார்கள், அப்போது 1.14 கூட 0.60 போல் ஆடும். சாவியைப் பூட்டில் திருப்புகிற அளவு அழுத்தம் போதும். கட்டைவிரல் நகம் வெளுத்துப்போனால் அதிகமாக இறுக்குகிறீர்கள்.

கோணம் முக்கியம். பிக்கின் முகம் தந்திக்கு இணையாக இருந்தால் "டக்" கூர்மையாக வரும். சற்றுச் சாய்த்தால் வழுக்கி இறங்கும், ஓசை மென்மையாகும். அதிகம் சாய்த்தால் சுற்றுக்கம்பியில் உரசி "கிறீச்" என்று கேட்கும். அந்தக் கிறீச் பிக்கின் குற்றம் என்று நினைத்து நான் மூன்று வகை மாற்றியிருக்கிறேன்.

எந்த இடத்தில் மீட்டுகிறீர்கள் என்பதும் பிக்கைவிட அதிகமாக ஓசையை மாற்றும். பிரிட்ஜ் பக்கம், அதாவது உடற்பகுதியில் தந்தி முடியும் இடத்தருகே, தந்தி விறைப்பு, ஓசை ஒல்லி. கழுத்துப் பக்கம் தந்தி அகலமாக ஆடும், ஓசை குண்டு. தந்திகளுக்கு அடியில் ஒலியைப் பிடிக்கும் காந்தக் கட்டையான பிக்கப்புக்கு மேலே ஓர் இடத்தைத் தேர்ந்து, சோதனை முடியும் வரை அங்கேயே நில்லுங்கள்.

8. பன்னிரண்டு நாள் சோதனை

ஒரு பிக்குக்கு மூன்று நாள். நாளுக்கு இருபது நிமிடம். ஆம்ப்ளிஃபயரின் திருகுகளை முதல் நாளே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பன்னிரண்டு நாளும் அப்படியே விடுங்கள்.

முதலில் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 அடியில் வைத்து, திறந்த இ தந்தியில் ஓர் அடிக்கு இரண்டு சுரம் வீதம் இரண்டு நிமிடம் வாசியுங்கள். கீழ்நோக்கி ஒன்று, மேல்நோக்கி ஒன்று. இரண்டும் ஒரே அளவில் கேட்கிறதா? பொருந்தாத பிக்கில் மேல்நோக்கி வருவது நொண்டும். அடுத்து இ தந்தியிலிருந்து ஜி தந்திக்குத் தாண்டித் தாண்டி வாசியுங்கள். நடுவில் உள்ள ஏ, டி தந்திகளில் பிக் இடறக் கூடாது. மூன்றாவதாக, உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் அருகே தந்தியின் மேல் லேசாக வைத்து அடக்கி வாசியுங்கள். பிக் வாசிப்பின் அழகே இந்த "தும் தும்" ஓசையில்தான் இருக்கிறது. கேரல் கே இதற்காகத் தந்திகளின் மேல் ஃபெல்ட் துண்டையே ஒட்டிவைப்பார். கடைசியில் நீங்கள் அடிக்கடி வாசிக்கும் ஒரு பாட்டு, முழுதாக.

மூன்றாம் நாள் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயருக்கு நேரே, நான்கைந்து அடி தள்ளி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். கேட்பது மட்டும் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் வேண்டாம். அதில் பேஸே கேட்காது, "டக்" மட்டும்தான் கேட்கும். பளிச்சென்ற பிக் எல்லாம் நல்ல பிக்காகத் தோன்றும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

நான்கு பதிவும் கையில் வந்ததும், எது எந்தப் பிக் என்று சொல்லாமல் குழுவில் ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். நான் டிரம்ஸ் அண்ணனிடம் கொண்டுபோனேன். நான் மனத்துக்குள் முதலிடம் கொடுத்திருந்த 1.14ஐ அவர் கேட்டுவிட்டு, "இதில் அவசரம் தெரிகிறது" என்றார். மூன்றாவதாகப் போட்ட முக்கோணத்துக்குக் காலால் தாளம் போட ஆரம்பித்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஆராதனைக்குப் பச்சை முக்கோணம்தான். மெதுவான பாடல்களுக்கு மட்டும் சொரசொரப்பு நைலான்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பிக்குக்கும் இரண்டு வரி போதும்: கை எப்படி இருந்தது, ஓசை எப்படி இருந்தது. கை சொல்வதும் காது சொல்வதும் முரண்பட்டால் முதல் ஆண்டில் கை சொல்வதைக் கேளுங்கள். ஓசையை ஆம்ப்ளிஃபயரில் கொஞ்சம் திருத்தலாம். மணிக்கட்டு வலியைத் திருத்த அதில் திருகு இல்லை.

9. தேய்மானம், மாற்றும் நேரம், தொலையும் இடம்

முடிவு செய்த பிறகு அதே பிக்கை ஆறு அல்லது பன்னிரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். பொட்டலம் வாங்குவது இப்போதுதான் லாபம்.

எத்தனை வாரம் வரும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, தந்தியைப் பொறுத்தது. சுற்றுக்கம்பித் தந்தி, அதிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வேகமாகத் தின்னும். சுற்றிய கம்பி தட்டையாக, வழவழப்பாக உள்ள தட்டைச் சுற்றுத் தந்தியில் பிக் நீண்ட நாள் வரும். பிக்கை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். முனை ஒரு பக்கமாகச் சரிந்து, விளிம்பு கத்திபோல் மெலிந்திருந்தால் நேரம் வந்துவிட்டது. உடனே எறிய வேண்டாம். 600ஆம் எண் உப்புத்தாளில் முனையை வட்டமாகத் தேய்த்து, பிறகு பழைய ஜீன்ஸ் துணியில் பத்துத் தடவை உரசினால் இன்னொரு சுற்று வரும். கை வழுக்குகிறது என்றால் அதே உப்புத்தாளால் பிடிக்கும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள், சொரசொரப்புப் பிக் என்று தனியாக வாங்க வேண்டியதில்லை.

வெயிலில் நிற்கும் கார், பைக் பெட்டி, இரண்டிலும் செல்லுலாய்டு பிக்கை விடாதீர்கள், நெளிந்துவிடும். சட்டைப்பையில் போட்டது துவைக்கப் போய்விடும். ஜீன்ஸின் சின்னப் பை, பேஸின் தலைப்பகுதியில் தந்திகளுக்கு இடையே ஒரு செருகல், மைக் ஸ்டாண்டில் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவில் இரண்டு: இந்த மூன்று இடமும் எனக்குக் கைகொடுக்கின்றன. ஆராதனை நடுவே பிக் நழுவி விழுந்தால் குனியாதீர்கள். அந்த அடியை விரலால் வாசித்துவிட்டு ஸ்டாண்டிலிருந்து அடுத்ததை எடுங்கள். விழுந்தது பாட்டு முடியும் வரை அங்கேயேதான் கிடக்கும்.